தேங்காய்ப்பால் கஞ்சி

புயல் ஓய்ந்த பிறகும் சவேரியாரின் படகு கரை திரும்பவில்லை. அவன் மனைவி ரெஜினாவுக்கு நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு பிரகாசி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள்.

“தேங்காப்பால் விட்ட கஞ்சி மைனி. மெல்லவே வேணாம், வழுக்கிக்கிட்டு எறங்கிரும். ரெண்டு வாய் குடிங்க.”

வாங்கக் கை நீட்டிய ரெஜினா சட்டென்று பின்வாங்கினாள். அந்த ஊரில், சாவு விழுந்து அடுப்பு அணைந்த வீட்டுக்குத்தான் அக்கம்பக்கத்திலிருந்து கஞ்சி வரும்.

“எங்க வீட்டு அடுப்பு அணையல பிரகாசி. எடுத்துட்டுப் போ.”

“ஐயோ, நான் அப்படி நெனச்சா கொண்டாந்தேன்? பட்டினி கெடக்கியளேன்னு…”

ரெஜினா அடுப்படிக்குப் போனாள். விறகைப் பற்றவைத்து அரிசியைக் களைந்து போட்டாள். குழையும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றை உப்புப் போட்டுப் பிசைந்து, குமட்டிக்கொண்டு வந்ததையும் சேர்த்து விழுங்கினாள். கூரைக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்க்க வாசலுக்கு வந்தாள்.

புகை தெரிந்தது. கடற்கரைப் பக்கமிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் தூக்குவாளி இருந்தது.

ரெஜினா உள்ளே ஓடிப்போய் அடுப்பில் இன்னும் விறகைத் திணித்தாள்.