மில்லுக்கார வீட்டுச் சோறு

"எங்க வீட்டுல அரிசி மில்லு ஓடுது. வயித்துப்புள்ளக்காரி சோறு திங்கக் கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்!"

சின்னமனூரிலிருந்து சம்பந்தி மலையம்மாள் போட்ட சத்தத்தில், மார்க்கையன்கோட்டையில் பாண்டியம்மாள் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

மகள் தேவயானிக்கு ஏழாம் மாதம். வயிற்றில் பிள்ளை வந்த கையோடு சர்க்கரையும் வந்துவிட்டது. இப்படியே ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாமை, வரகு என்று மாற்றிப் பார்த்தும் சர்க்கரை பார்க்கிற மெஷினில் நம்பர் இறங்கவில்லை. கடைசியில் கினோவா என்கிற வெளிநாட்டுத் தானியம்தான் அவளுக்கு ஒத்துக்கொண்டது. மாப்பிள்ளையோடு தேனியில் தனிக்குடித்தனம் என்பதால் இதுவரை மாமியார் கண்ணில் படாமல் ஓடிவிட்டது. வளைகாப்பு நெருங்கவும் பாண்டியம்மாள் போனில் மெல்ல விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள்; அதற்குத்தான் இந்தச் சத்தம்.

வளைகாப்பில்தான் வந்தது வம்பு. பிறந்த வீட்டிலிருந்து ஏழு வகைக் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். ஊரே பார்த்திருக்க, மகள் ஒவ்வொன்றிலும் வாய் வைக்க வேண்டும்.

"அவளுக்கு மட்டும் ஏழையும் கினோவாவுல கிண்டிருவோம்" என்றாள் பாண்டியம்மாள்.

கணவன் ஒச்சாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "மில்லுக்காரக வீட்டுக்கு அரிசியில்லாத சோறா? மூஞ்சியில வீசிருவாகடி."

"வீசட்டும். என் மூஞ்சிதான? புள்ளைக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாது."

சொன்னது சுலபம். அரிசிக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, விசில் பாட்டுக்கு அடிக்கட்டும் என்று விட்டதில் குக்கருக்குள் களி கிடந்தது. வாயில் வைத்தால் வேப்பங்காய்.

தேவயானி போனில் சிரித்தாள். "ம்மா, நுரை போற வரைக்கும் நல்லா அலசணும். இல்லைன்னா கசக்கும். தண்ணி அளவா ஊத்து. ஒரே விசிலு. ஆவி தானா அடங்கட்டும், அவசரப்பட்டு வெயிட்டத் தூக்கிராத."

களியைக் கோழிக்குப் போட்டுவிட்டு, பாண்டியம்மாள் மறுபடி அலசினாள், மறுபடி குக்கரை ஏற்றினாள். அவளா விடுகிற ஆள்? வளைகாப்பு அன்று காலையில் மூடியைத் திறந்தால் உதிரி உதிரியாகப் பூத்திருந்தது. தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்து, நல்லெண்ணெய் விட்டு, புளி, எலுமிச்சை, தேங்காய் என்று பிரித்துக் கிளறிச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்தாள். விருந்தாளிகளுக்கான அரிசிச் சோறு பெரிய தூக்குவாளிகளில் தனியாக ஏறியது.

ஒரே ஒரு கவலைதான். வெந்த மணி ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு வால் சுருண்டு நின்றது. எந்தப் புளிக்காய்ச்சலாலும் அதை மறைக்க முடியவில்லை.

சம்பந்தி வீட்டில் வளையல் அடுக்கி முடிந்ததும், பாண்டியம்மாள் மகள் முன்னால் முதல் டப்பாவைத் திறந்தாள். மாப்பிள்ளையின் அத்தை நாகஜோதி குனிந்து எட்டிப் பார்த்தாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாயுமுன் கம்பம் வரைக்கும் போய்விடும்.

"இதென்ன மதினி, சோத்துல புழு மாதிரி நெளியுது?"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. பாண்டியம்மாள் டப்பாவை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள்.

விறுவிறுவென்று வந்த மலையம்மாள் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கி மூடினாள்.

"சம்பந்தி வீட்டுச் சோறெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். என் மருமக எங்க மில்லு அரிசிச் சோத்தத்தான் மொதல்ல திங்கணும்!"

"பெத்தவள இப்பிடியா சபையில வச்சு அவமானப்படுத்துறது? பணத்திமிரு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நாகஜோதியே உச்சுக் கொட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையம்மாள் எதையும் காதில் வாங்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தன் தூக்குவாளியைத் திறந்து கரண்டியைப் போட்டாள்.

பாண்டியம்மாளுக்கு வெட்கம் போய் ஆத்திரம் வந்தது. எழுந்து போய்ச் சம்பந்தியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"மதினி, என்னைய என்ன வேணும்னாலும் பேசுங்க, வாங்கிக்கிறேன். என் மக வாயில அரிசி போகக் கூடாது. மீறிக் குடுத்தீகன்னா இந்தச் சபையிலயே எல்லாத்தையும் சொல்லிருவேன்."

மலையம்மாள் கையை உதறவில்லை. தூக்குவாளியை மட்டும் அவள் பக்கம் லேசாகச் சாய்த்தாள்.

"மொதல்ல குனிஞ்சு பாருங்க."

தயிருக்குள், மல்லித்தழைக்கு அடியில், வெள்ளை வெள்ளையாய் வால்கள் சுருண்டு கிடந்தன.

"அன்னிக்குப் போனுல கத்திட்டேன். மனசு கேக்கல. மறுநாளே டாக்டரம்மாகிட்டப் போயி எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தேன். குக்கருல களியாக் கிண்டிக் கிண்டித்தான் நானும் பழகுனேன்" என்று கிசுகிசுத்தாள் மலையம்மாள். "சீக்குக்காரப் பொண்ணுன்னு ஒரு சொல்லு ஒங்க மக மேல விழுந்துச்சுன்னா, புள்ள பொறந்தாலும் போகாது மதினி. என்னையத் திமிரு புடிச்சவன்னு சொல்லிட்டுப் போறாக, போகட்டும். மில்லுக்காரி போடுற சோத்த எவளும் சந்தேகப்பட மாட்டா."

பாண்டியம்மாளின் பிடி தானாகத் தளர்ந்தது. கண் கலங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மலையம்மாள் சபைக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"ம்… வாயத் தொற, ஆத்தா! நம்ம மில்லு அரிசின்னா சும்மாவா?"