ஆறு வேளை மருந்து

“மண்ணைத் தள்ளாதேயும் வாத்தியாரே. ஒரு நிமிஷம் பொறும்.”

புறவாசல் படலைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க வந்தார் வேதநாயகம். சுப்பராமன் மண்வெட்டியும் கையுமாக நின்றுவிட்டார்.

வாழைக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழக் குழி. அதற்குள் பழைய துண்டில் சுற்றிய நாய்க்குட்டி. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலையில் சுப்பராமனின் வேட்டி நுனியைக் கடித்து இழுத்த குட்டி, உச்சி வேளைக்குள் விறைத்துக் கிடந்தது.

வேதநாயகம் ஆற்றுக்கு அக்கரையில், பாளையங்கோட்டையில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கும் கம்பவுண்டர். குட்டியும் அவர் வீட்டு நாய் போட்டதுதான். சுப்பராமனின் ஆறு வயது மகள் கோமு ஆசைப்பட்டாள் என்று வேதநாயகத்தின் பேத்தி லில்லி கொடுத்தனுப்பியது. கடைக்கு வந்த யாரோ விஷயத்தைச் சொல்ல, பாலத்தைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார்.

குழியருகே குந்தித் துண்டை விலக்கினார். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காலிடுக்கில் பல் தடம் தேடினார். பாம்பும் தீண்டவில்லை, நுரையும் தள்ளவில்லை. இதோடு பிறந்த மூன்றும் வீட்டில் துள்ளிக்கொண்டிருக்கின்றன என்றார்.

“என்ன தின்னுச்சு வே?”

“மோர்சாதம். தினம் போடறதுதான்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லே.”

சொல்லும்போதே சுப்பராமனுக்குக் காது மடல் சுட்டது.

முந்தாநாள் கோமுவுக்கு விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் என்று அக்கரைக்குப் போனார். கடையில் பத்துப் பேர் நின்றார்கள். சுப்பராமனின் அக்கிரகாரத் தெருக்காரர்கள் அங்கே பொடி மட்டும்தான் வாங்குவார்கள். வீட்டுக்கு வந்து தங்கள் கிணற்றுத் தண்ணீரில் கலந்துகொள்வார்கள். ஆனால் சுப்பராமன், டில்லி தர்பாருக்காக டவுணில் நடந்த கூட்டத்தில் சாதி வித்தியாசம் ஒழிய வேண்டும் என்று முக்கால் மணி நேரம் முழங்கியவர். அன்று கை தட்டியவர்களில் நாலு பேர் கடையிலேயே இருந்தார்கள்.

“எனக்குத் தண்ணி கலந்தே தாரும் ஓய். அந்தப் பேதமெல்லாம் எங்கிட்டே கிடையாது.”

பத்துத் தலையும் ஆடின. வேதநாயகம் உள்ளே போய்ச் சிவப்பு மருந்து ஒரு சீசாவோடு வந்தார். ஆறு வேளைக்குக் காகிதத்தில் அளவு வெட்டி ஒட்டியிருந்தது. கூடவே ஆறு பொட்டலம் பொடி. பசி எடுப்பதற்காம், தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் கை எழவில்லை. வேதநாயகம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அல்லவா? அந்த வீட்டு நாய்க்குட்டி ஆகும், தண்ணீர் ஆகாது. மருந்து கொடுத்தாயிற்றா என்று மனைவி ராஜாம்பாள் கேட்டபோதெல்லாம் ஆயிற்று என்றார். ஒவ்வொரு வேளையும் அளவு தப்பாமல் வாழையடியில் ஊற்றினார். ஒவ்வொரு வேளையும் குட்டி ஓடி வந்து ஈர மண்ணைக்கூட விடாமல் நக்கியது. பொடிக்குத்தான் பெரும்பாடு. அந்தக் கசப்புக்கு ஒருவர் கோமுவின் கையைப் பிடிக்க, ஒருவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. எப்படியோ நேற்றோடு காய்ச்சல் விட்டது.

இன்று காலை ஐந்தாவது வேளை. மத்தியானம் குட்டி இல்லை.

மருந்தில் ஏதோ தவறு. ஆனால் அதைச் சொன்னால், அது குட்டியின் வயிற்றுக்குள் எப்படிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கோமு பிழைத்துவிட்டாள். சுப்பராமன் மண்ணைத் தள்ளினார்.

வேதநாயகம் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“பொழுது சாயதுக்குள்ள வீட்டுக்குப் போகணும். லில்லிக்கும் நேத்துலேர்ந்து காய்ச்சல். போய்த்தான் முத வேளை மருந்து குடுக்கணும்.”

“என்ன மருந்து?”

“கோமுவுக்குத் தந்த அதே மருந்துதான். அவளுக்குக் கேட்டிருக்குல்லா?”

சொல்லிவிட்டு நடந்தார். படலைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார்.

“ஓய், அதைக் குடுக்காதேயும்.”

குரல் தன்னுடையதுதானா என்று சுப்பராமனுக்கே சந்தேகம். திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்க்காமல், வாழையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஊற்றியதை, குட்டி நக்கியதை, ராஜாம்பாளிடம் சொன்ன பொய்யை. டவுண் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் மடை திறந்தாற்போல் வந்த பேச்சு, ஒரே ஒரு மனிதர் முன்னால் திக்கித் திணறியது.

வேதநாயகம் சீசாவைக் கொண்டுவரச் சொன்னார். அடியில் ஒரு வேளை மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்தார்; சுப்பராமன் பதறிக் கையை நீட்டுவதற்குள் மடமடவென்று குடித்து முடித்தார்.

“பயப்படாதேயும். சர்க்கரைப் பாகும் சாயமும்தான். இதுல கசக்குற காய்ச்சல் மருந்து, கொயினாவைக் கலந்திருந்தா அந்தக் குட்டி மோந்துகூடப் பாத்திருக்காது. அது எதுல போச்சோ, எனக்குப் பிடிபடலை.”

“அப்போ கோமுவுக்குக் காய்ச்சல் விட்டது?”

“மருந்து பொடியில இருந்துச்சு வே. உம்ம தெருவுக்குப் பதினேழு வருஷமா மருந்து குடுக்கேன், நீரு கொட்டிருவீருன்னு எனக்குத் தெரியாதா? அத்தனை பேருக்கு முன்னால கேட்டீரு. உம்ம முகம் வாடக்கூடாதேன்னுதான் சீசாவும் தந்தேன்.”