வெளுக்காத வெள்ளைப் புடவை

இதை எனக்கு முதலில் சொன்னது ஜெயசீலி. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து, கோயில் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"எங்க எதிர்வீட்டு ஸ்ரீமதி இருக்கால்ல, அவ மாமியா மாதிரி ஒரு பொம்பளைய நீ பாத்திருக்க மாட்டே!" என்றுதான் ஆரம்பித்தாள்.

ஸ்ரீமதி சிதம்பரத்துப் பெண். இந்துக் குடும்பம். லூர்துசாமியை விரும்பிக் கட்டிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்தவள். கோயிலில் தாலி கட்டிக்கொண்ட வெள்ளைப் பட்டுப் புடவையை பீரோவில் வைத்திருந்தாள்.

அந்தப் புடவைதான் பிரச்சினை. மடிப்புக்கு மடிப்பு மஞ்சள். சிதம்பரத்துச் சலவைக் கடையில் வெளுத்துக் கொண்டுவந்து வைத்தாலும் ஒரு வருஷத்துக்குள் மறுபடி மஞ்சள்.

"உப்புக்காத்து அப்பிடி" என்றார்கள் பக்கத்து வீட்டில்.

"அந்துருண்டை போட்டிருப்பே, அதான்" என்றாள் ஜெயசீலி.

"புடவைக்குக் காமாலை. கீழாநெல்லி அரைச்சு ஊத்து" என்றான் லூர்துசாமி.

மாமியார் சவரியம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே திட்டுவார். "கல்யாணப் புடவைய வெச்சிருக்கற லட்சணத்தைப் பாரு! ஒரு சோப்பைப் போட்டு தன் கையால கசக்கறாளா? பஸ் ஏறி சிதம்பரம் ஓடிடறா!"

"அத்தை, பட்டு. சோப்பு போட்டா வீணாப் போயிடும்."

"எல்லாம் போவாது. சோப்பு போடு!"

வருஷா வருஷம் இதே பாட்டு. மருமகள் புடவையைக் கெடுக்கத்தான் கிழவி வழி பார்க்கிறது என்று தெருவே பேசிக்கொண்டது.

ஸ்ரீமதிக்கென்று தாய்வீட்டு நினைவாக ஒரு குண்டுமணிகூட இல்லை. "வெள்ளையில உக்காந்து தாலி வாங்கறவ எம்பொண்ணே இல்லை. அது அறுத்தவ கட்டுற நெறம்" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா மங்கலம் கல்யாணத்துக்கே வரவில்லை. மறு வருஷம் செத்தும் போனாள். சிதம்பரத்தில் சலவைக் கடைக்குப் போகும்போதுகூட, அம்மா இருந்த தெருவை மட்டும் ஸ்ரீமதி சுற்றிக்கொண்டுதான் போவாள்.

கல்யாணமாகி இருபத்தஞ்சாவது வருஷம், வெள்ளி விழா. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் இருவரையும் மறுபடி மந்திரித்து ஆசீர்வதிக்கப் போகிறார். அதே புடவையைத்தான் கட்ட வேண்டும்.

சலவைக் கடை செம்பியன் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு மடித்தே கொடுத்துவிட்டான்.

"இன்னொரு தடவை மிஷின்ல போட்டா நார் நாரா வந்துடும்க்கா. கூட்டிப்போயிடுங்க" என்றான், வைத்தியம் பலிக்காத நோயாளியைச் சொல்வதுபோல.

வீடு திரும்பினால், வாசலிலேயே சவரியம்மாள்.

"வெளுக்கலையா? சோப்பு போடுன்னா கேக்கறியா?"

ஸ்ரீமதிக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "சரி! போடறேன்! கிழியட்டும்! உங்க மனசு குளிரட்டும்!"

கிணற்றடிக்குப் போனாள். புடவையை நனைத்தாள். பார் சோப்பை எடுத்து மஞ்சளாய் இருந்த இடத்தில் தேய்த்தாள்.

புடவை சிவந்தது.

குங்குமம் கொட்டினாற்போலச் சிவந்தது. ஸ்ரீமதி கை அப்படியே நின்றுபோனது. மஞ்சள் பூசிக் குளித்த எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? பழுப்புக் கறை சோப்புக்குச் சிவக்காது.

"அத்தை! இது மஞ்சத்தூள்!"

சவரியம்மாள் ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாதாவே, நீயே சாட்சி! நானா ஒரு வார்த்தை சொல்லலை. அவளாத்தான் கண்டுபுடிச்சா!"

"யார் பூசினது?"

"நாந்தான். நீ வெளுத்துக்கிட்டு வர்றப்பல்லாம் நாந்தான் கரைச்சுத் தெளிப்பேன்."

"ஏன் அத்தை?"

"உங்கம்மா சொன்னதுடி."

ஸ்ரீமதி துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா வரவே இல்லையே!"

"கல்யாணத்துக்கு மொத நாள் வந்தா. கோயில் பின்வாசல்ல நின்னு எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. 'எம்பொண்ணை வெறும் வெள்ளையில நிக்க வெச்சிடாதீங்க சம்மந்தி. யாருக்கும் தெரியாம மஞ்சத் தண்ணி தெளிங்க. வருஷா வருஷம் தெளிங்க, அவ தாலி நெலைக்கட்டும்'னா. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப்புடுவாராம். உங்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டுப் போனா. போனவ செத்தும் போயிட்டா. சத்தியத்தை நான் யாருகிட்டப் போயி திருப்பிக் குடுக்கறது?"

மூக்கைச் சிந்திக்கொண்டு சவரியம்மாள் மறுபடி கத்தினார்: "சொல்லத்தான் கூடாது, நீயா கண்டுபுடிச்சா தப்பில்லையேன்னுதாண்டி, இத்தனை வருஷமா சோப்பு போடு, சோப்பு போடுன்னு அடிச்சுக்கிட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமதி அந்தப் புடவையைத்தான் கட்டினாள். அலசிக் காயவைத்ததும் சிவப்பு போய் மஞ்சள் வந்திருந்தது. முந்தானையில் மட்டும் புதிதாகக் கொஞ்சம் மஞ்சள், அவளே வைத்தது.

சாமியார் உற்றுப் பார்த்தார். "என்னம்மா, புடவை இப்பிடி மஞ்சளா இருக்கு?"

"பழசு சாமி. பழசானா இப்பிடித்தான்" என்றார் சவரியம்மாள், பீடத்துக்கு முன்னால் நின்று, கண்ணைக்கூட இமைக்காமல்.

கோயிலுக்குள் சொன்ன பொய். வயசான மனுஷி. முடிந்தால் அவருக்காக ஒரு 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லிக்கொள்ளுங்கள்.