தாழ்ந்து நின்ற கார்

கண்காட்சிக்கு வரும் கார்களைப்போலத் தானும் முன்பக்கம் தாழ்ந்து நிற்கவேண்டும் என்று பழைய கார் ஒன்றுக்கு ஆசை வந்தது. பட்டறைக்குப் போய், முன்சக்கர ஸ்பிரிங்குகளில் இரண்டு சுற்று வெட்டிவிடச் சொன்னது.

"அண்ணே, வெட்டினா வெட்டினதுதான். திரும்ப வளர நான் என்ன தலைமுடியா?" என்றது இடப்பக்கத்து ஸ்பிரிங்.

"போன கண்காட்சியில எல்லாரும் என்னை மாட்டுவண்டின்னு சிரிச்சாங்க. நீ பேசாம இரு," என்றது கார்.

வெட்டினார்கள். கார் பட்டறையிலிருந்து நேரே கண்காட்சிக்குப் போனது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லாக் கார்களும் அப்படித்தான் நின்றதால் யாரும் அதைத் தனியாகப் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது, தெருமுனை வேகத்தடையில் பம்பர் இடித்தது. கோணலாக ஏறிப் பார்த்தது, அடிவயிறு உரசியது. பின்வாங்கி அங்கேயே நின்றுவிட்டது.

வேகத்தடைக்கு அந்தப்பக்கம், நான்காவது வீடுதான் காரின் வீடு. அந்தக் கொட்டகையிலிருந்து, பன்னிரண்டு வருடமாகக் காரின் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர் எட்டிப் பார்த்தது.

"ஏம்ப்பா அங்கேயே நின்னுட்ட? பூனை படுக்க வந்துச்சு. உன் இடம்னு விரட்டி வச்சிருக்கேன், வா."

கார் விளக்கை அணைத்துக்கொண்டது.

"இங்க காத்து நல்லா வருது," என்றது. "பூனை வந்தா படுத்துக்கட்டும்."