பத்தரை மணி முகூர்த்தம்

"பாய், இன்னும் எத்தனை நிமிஷம்? அத மட்டும் சொல்லுங்க!"

ரெங்கசாமி இதைக் கேட்பது ஏழாவது தடவை. கீரனூரிலிருந்து கூட்டி வந்த மெக்கானிக் ஷேக் பரீது ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தான். இன்ஜினுக்குள் தலையை விட்டிருப்பவன் எந்த வாயால் பதில் சொல்வான்?

கீரனூர் தாண்டித் திருச்சி ரோட்டில் அந்தக் கார் நின்றிருந்தது. இரண்டே பேர் உட்காரும் பழைய ரேஸ் கார். சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரிடம் ரெங்கசாமி வாங்கியது. சமஸ்தானத்தில் ரோடு காண்ட்ராக்ட் எடுக்கும் அவருக்கு, அதில் போய் இறங்கினால்தான் காண்ட்ராக்டர் என்ற நினைப்பு. இன்றைக்குப் பார்த்து அது காலை வாரிவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து வரும் வழியில் இரண்டு தடவை நின்று நின்று கிளம்பி, இங்கே ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

சீட்டில் அவர் மகள் பிரகதாம்பாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கண் நிறையத் தண்ணீர்.

"பத்தரைக்கு உறையூர்க் கோயில்ல இதுக்கு முகூர்த்தம் பாய். சொந்தபந்தமெல்லாம் நேத்தே பஸ்ஸுல போயிருச்சு. இப்பவே மணி ஒம்பது. நேரம் தவறுனா சகுனத் தடைன்னு மாப்பிள்ளை வீட்டுல எந்திரிச்சுப் போயிருவாங்க. ரெண்டு ரைஸ் மில்லு, மூணு பஸ்ஸு இருக்கிற எடம். விட்டா இனிமே கெடைக்குமா?"

ஷேக் பரீதுக்குச் சுருக்கென்றது. கல்யாணம் நின்றுபோனால் பெண்ணின் கதி என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போன வருஷம் அவன் தங்கை அஜீசாவுக்கு அப்படித்தான் நின்றது. இன்னும் அவள் வாசலுக்கு வருவதில்லை.

"அழுவாத தங்கச்சி. ஒங் கல்யாணம் நிக்காது. அதுக்கு நானாச்சு" என்றான்.

அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

பிளக்கைக் கழற்றி வைத்து, ரெங்கசாமியை முன்னால் இன்ஜினைக் கிளப்பும் ஹாண்டிலைச் சுற்றச் சொன்னான். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. அது சரி. கார்புரேட்டரைத் திறந்தான். ஒரு சொட்டு இல்லை.

"பெட்ரோல் வரலீங்க."

"டாங்க் நெறய ஊத்திருக்கேனேய்யா!"

பின்பக்கம் போய் டாங்க் மூடியைத் திருகினான். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போனது. டாங்க் தளும்பிக்கொண்டிருந்தது. குழாயைக் கழற்றினால், பெட்ரோல் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"நல்லாத்தானே வருது!" என்று குழம்பியபடி எல்லாவற்றையும் மாட்டினான். ஒரே சுற்றில் கார் உறுமியது. ரெங்கசாமி "முருகா!" என்று தாவி ஏறினார். எதற்கும் இருக்கட்டுமென்று பரீதும் ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டான்.

நாலு மைல். அவ்வளவுதான். இருமியது, குலுங்கியது, நின்றது.

மணி ஒன்பது நாற்பது.

"சனியம்புடிச்ச வண்டி! மானம் போச்சே!" ரெங்கசாமி டயரை உதைத்தார். ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்தார். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளேகூடக் கை நுழையாது என்பார்கள். ஹாண்டில் வழுக்கி அவர் முழங்காலிலேயே அடித்தது.

பரீது இந்தத் தடவை இன்ஜின் பக்கம் போகவில்லை. நேரே டாங்க் மூடியைத் திறந்தான். மறுபடியும் 'உஸ்'. ஏன் இது இப்படிக் காற்றுக்குத் தவிக்கிறது? மூடியைத் திருப்பிப் பார்த்தான். மேலே வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"யா அல்லா! மூடியில யாருங்க சந்தனத்த அப்புனது?"

"கல்யாணத்துக்குப் போற வண்டி. வீட்டுப் பொம்பளைங்க பொட்டு வச்சிருப்பாங்க. அதுக்கென்ன இப்ப?"

"இதுல ஒரு சின்ன ஓட்டை இருக்குங்க. அது வழியாக் காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும். அதப் போயி அடச்சு வச்சிருக்கீங்க. சாமி கும்பிட்டே வண்டிய நிப்பாட்டிட்டீங்களே!"

அத்தனை பதற்றத்திலும் ரெங்கசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சந்தனம் ஓட்டைக்குள் ஆழமாக இறங்கிக் கெட்டியாகியிருந்தது. "தங்கச்சி, ஒரு கொண்டை ஊசி குடும்மா."

பிரகதாம்பாள் அசையவில்லை. பாவம், பயந்து விறைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தான் பரீது. ரெங்கசாமியே அவள் தலையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். பரீது குத்திக் கிளறி, வாய் வைத்து ஊதினான். காற்றுக்கு வழி பிறந்தது. அஜீசாவின் கல்யாணமே நடந்துவிட்ட மாதிரி அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ரெங்கசாமி முன்னால் போய் ஹாண்டிலைச் சுற்றினார். கார் சீராக உறுமத் தொடங்கியது.

மூடியை இறுக்கிவிட்டுப் பரீது அவள் பக்கம் குனிந்தான். "இனிமே எங்கிட்டும் நிக்காது தங்கச்சி. பத்தே காலுக்கெல்லாம் உறையூர் போயிரலாம். கண்ணத் தொடச்சுக்க."

அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஆயுத பூசையப்ப எங்க பழைய டிரைவர் ராக்கன் சொன்னாருண்ணே, 'மூடி ஓட்டையில மட்டும் சந்தனம் வச்சிராத ஆயி, வண்டி போவாது'ன்னு. அதான் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, நானே கொழச்சு அடச்சேன். மாப்பிள்ளைக்கு எங்கப்பாவ விட ரெண்டு வயசு கூடண்ணே."

ரெங்கசாமி ஏறி உட்கார்ந்தார். பரீதை ரோட்டிலேயே விட்டுவிட்டு, கார் ஒரு இருமல்கூட இல்லாமல் திருச்சியைப் பார்த்துப் பறந்தது.