அப்பாவின் கால் கனெக்ட் ஆகவில்லை

எதிர்வீட்டு பர்வீன் தன் வைஃபையைத் திருடுகிறாள் என்று கதிரேசனுக்குச் சந்தேகம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கோட்டையைக் காப்பாற்றியவன்போல நிமிர்ந்தபோது, ஹாலில் அப்பா ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய செயற்கைக் கால் நவீனமானது. இன்டர்நெட் இல்லாமல் ஓர் அடி வைக்காது. புதுப் பாஸ்வேர்டை எத்தனை தடவை கொடுத்தும் அது ஏற்கவில்லை.

கஸ்டமர் கேர் பெண் தேனாகப் பேசினாள். "காலை ரவுட்டர்கிட்ட கொண்டு வாங்க சார்."

"அது நடந்து வந்தா உங்களுக்கு நான் ஏம்மா போன் பண்றேன்?"

"புரியுது சார். ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினான். கால் உயிர்பெற்று, வாசலைத் தாண்டி, அப்பாவை இழுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குள் போனது. சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தானே தேடிப்போவது அதன் சிறப்பம்சமாம்.

கதிரேசன் பின்னாலேயே ஓடினான். "உங்க பாஸ்வேர்ட் இதுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வைஃபைக்கு ஏதுண்ணே பாஸ்வேர்ட்? யாருக்காவது அவசரத்துக்கு ஆகட்டும்னு திறந்தேதான் வச்சிருக்கோம்," என்றாள் பர்வீன், அப்பாவிடம் டீயை நீட்டியபடி.

அப்பா சோபாவில் வசதியாகச் சாய்ந்தார்.

"புதுப் பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லிடாதப்பா. என் கால்கிட்டகூட."