தாழ்ப்பாளின் குழப்பம்

ஒரு வாசற்கதவில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. திருடனை உள்ளே விடக்கூடாது, அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று காலை வீட்டுக்காரி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, தன் நாலு வயது மகளைக் கரண்டியால் அடித்தாள். தாழ்ப்பாள் எண்ணிக்கொண்டே இருந்தது. ஆறு அடி. அந்த வாரத்தில் அடி விழுவது அது மூன்றாவது நாள்.

வெளியே ஒரு பெண் கதவைத் தட்டினாள். “குழந்தைகள் உதவி மையத்துல இருந்து வந்திருக்கேம்மா. கொஞ்சம் திறங்க.”

ஏழாவது அடி விழுந்தது.

“கீலக்கா, தட்டுறது திருடனா?” என்று தாழ்ப்பாள், எதிர்ப்பக்கம் கதவைத் தாங்கி நின்ற கீலிடம் கேட்டது.

“எந்தத் திருடன்டா எங்கிருந்து வர்றான்னு சொல்லிட்டுத் தட்டுவான்?”

“அப்போ நான் யாரைத் தடுத்துக்கிட்டு நிக்கிறேன்?”

“என்னைக் கேட்டா? இறுக்கிப் பிடிச்சிருக்கிறது நீதானே!”

தாழ்ப்பாளுக்குத் தலை சுற்றியது. அடுத்த தட்டில் பிடியை விட்டுவிட்டது. கதவு திறந்துகொண்டது.

குழந்தை வெளியே ஓடிவிடும் என்று தாழ்ப்பாள் நினைத்தது. அது ஓடவில்லை. அடித்த அம்மாவின் சேலையைத்தான் பிடித்துக்கொண்டது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வந்தவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டாள். எட்டாவது அடி விழவில்லை.

“அக்கா, இவங்க யாரைக் காப்பாத்த வந்திருக்காங்க?”

கீல் அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தது.

“தெரியலடா. எதுக்கும் இன்னைக்கு நீ மூடிக்காதே.”